இடப்பக்கம் ஆறு

மிதிக்கும்போது பயமில்லை, மிதிக்காமல் உருளும்போதுதான் பயம். மேட்டில் கால் சொன்னதைச் சைக்கிள் கேட்கிறது. இறக்கம் வந்துவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது, காற்று காதுக்குள் ஏதோ உளறுகிறது, இடப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு இருக்கிறது. அது தெரியும். காலையில் வாடகைக் கடையில் சைக்கிளை எடுத்தபோதே தம்பி கதிரேசன் சொன்னான், போகிற வழி முழுக்க ஆறு நமக்கு இடப்பக்கமாகவே வரும் என்று. ஜப்பானில் ஷிமாந்தோ ஆறு. சொன்ன பிறகுதான் அவன் முகம் மாறியது, ஐயோ, அக்காவுக்கு இடது கண்தானே போச்சு என்று அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நான் சிரித்துவிட்டேன். இவ்வளவு பெரிய ஆற்றை ஒட்டியே போகிறேன், தலையை முழுசாகத் திருப்பினால்தான் அது இருக்கிறது, திருப்பாவிட்டால் அங்கே ஒன்றுமில்லை, இருட்டுகூட இல்லை. எல்லாரும் இருட்டாக இருக்குமா என்றுதான் கேட்கிறார்கள். உங்களுக்கு முதுகுக்குப் பின்னால் என்ன தெரிகிறது, இருட்டா தெரிகிறது, ஒன்றுமே தெரியவில்லை இல்லையா, அப்படித்தான் என்று சொன்னால் புரியாமல் தலையாட்டுவார்கள். "அக்கா, இறக்கம். பிரேக்கப் பிடிச்சிக்கிட்டே வா." முன்னால் போகிற மஞ்சள் ஹெல்மெட் திரும்பாமலே கத்துகிறது. "பிடிச்சிக்கிட்டுத்தாம்ல வாரேன்." "முன் பிரேக்கு இல்ல, பின் பிரேக்கு." "ஏலே, ஒனக்கு சைக்கிள் பழக்கிவிட்டதே நான்தான்." காற்றில் என் குரல் பின்னால் போய்விட்டது போலிருக்கிறது. கல்லுக்கா. வளைவுக்கா. எதிர்ல வண்டிக்கா. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறான். என்னால் பார்க்க முடிகிற கல்லையும் சொல்கிறான். பார்க்க முடியாததை மட்டும் சொல்லுடா என்றால், எது பார்க்க முடியாதது என்று அவனுக்கு எப்படித் தெரியும், எனக்கே எப்படித் தெரியும்.

அப்போது பளிச்சென்று ஒன்று அடித்தது. வலது ஓரத்திலா, நடுவிலா, ஓர் ஊசி போல வெளிச்சம், வந்தது, போயிற்று. நான் பிரேக்கைப் பிடித்து நின்றுவிட்டேன். மதுரை டாக்டர் சொன்னது அப்படியே அவர் குரலில் வருகிறது, ரொம்பச் சாந்தமான குரல், சாந்தமாக இருப்பதுதான் பயமுறுத்துகிறது. இடது கண்ணில் விழித்திரை கிழிந்து சுருண்டுவிட்டதும்மா, இரண்டு ஆபரேஷனிலும் ஒட்டவில்லை, இனி வலது கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், மின்னல் மாதிரி வெளிச்சம் அடித்தால், கொசு பறக்கிற மாதிரி புள்ளிகள் கொத்தாக வந்தால், நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று இருக்கக்கூடாது, அன்றைக்கே வந்துவிட வேண்டும். அன்றைக்கே என்றால் இங்கேயிருந்து எப்படி, இந்த மலைக்காட்டிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்கு. கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் தெரிந்துவிடும். வெளியே இருந்து வந்த வெளிச்சம் என்றால் இமைக்குள் வராது, உள்ளே இருந்து வருவதென்றால் மூடினாலும் அடிக்கும். சிவப்பு. வெறும் சிவப்பு, வெயில்பட்ட இமையின் சிவப்பு. எங்கேயோ ஒரு பறவை நீளமாக இழுத்து, கடைசியில் சட்டென்று சுண்டி முடிக்கிறது. தவளைச் சத்தம். மின்னல் இல்லை. கண்ணைத் திறந்து தலையை முழுசாகத் திருப்பினேன், ஆறு இருந்தது, ஒரு வளைவில் திரும்பி என்னைப் பார்க்க வந்துகொண்டிருந்தது, அதன் மேலெல்லாம் வெயில் துண்டு துண்டாக உடைந்து எகிறிக்கொண்டிருந்தது. ஆறுதான். அடுத்த தடவையும் ஆறாகவே இருக்க வேண்டுமே. "என்னக்கா, என்ன செய்து?" கதிரேசன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். "ஒண்ணுமில்ல, ஆறு நல்லாருக்கு, அதான் பாத்தேன்." அவன் நம்பவில்லை, நம்பாமலே தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

நான் கோவில்பட்டியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். செண்பகவல்லி மிஸ். வேறு எதுவாகவும் நான் இருந்ததில்லை, கல்யாணம் அமையவில்லை, அமையாததைப் பற்றி யோசிக்க நேரமும் இல்லை, காலையில் கிரவுண்டு, சாயந்தரம் கிரவுண்டு, செம்மண் என்றும் சொல்ல முடியாத கரிசல் என்றும் சொல்ல முடியாத அந்த மண், ஷூவைத் தட்டினால் வீட்டு வாசலில் ஒரு கோடு விழும். கோகோ பிள்ளைகள் எட்டுப் பேரும் வரிசையாகக் குந்தியிருப்பார்கள், ஒருத்தி கிழக்கே பார்த்து, அடுத்தவள் மேற்கே பார்த்து, கோ என்று முதுகில் தட்டினதும் வில்லிலிருந்து விட்டது போலப் போவார்கள், அந்த நிமிஷத்துக்காகத்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். ஆபரேஷனுக்குப் பிறகு திரும்பப் போனேன். முதல் வாரமே பேச்சியம்மாள் என்ற பிள்ளை இடப்பக்கமிருந்து ஓடி வந்தாள், நான் பார்க்கவில்லை, நகரவில்லை, இரண்டு பேரும் விழுந்தோம். அவளுக்கு முட்டியில் சிராய்ப்புதான். அவள் அழவில்லை. எழுந்து என் கையைப் பிடித்து, "ஒங்களுக்கு அடியா மிஸ்?" என்றாள், மற்ற பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று என்னைப் பார்த்தார்கள், அதுவரை அவர்கள் என்னைப் பார்த்திராத பார்வை. மறுநாளிலிருந்து ஆபீஸ் ரூமில் நாற்காலி. ஹெச்.எம். மேடம் நல்லவர்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது முடிவு சொல்லுங்க டீச்சர், கிரவுண்டா, ஆபீஸ் வேலையா, எதுவானாலும் எனக்குச் சம்மதம்தான் என்றார்கள். எல்லாரும் நல்லவர்களாக இருக்கிறார்கள். எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அம்மா போனபிறகு வீட்டில் தனியாக இருக்கிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் மாற்றி மாற்றி எட்டிப் பார்க்கிறார்கள். இந்த லீவுக்கு ஜப்பானுக்கு வாக்கா, கொஞ்சம் மாறுதலா இருக்கும் என்று கதிரேசன் டிக்கெட் போட்டபோது, அங்கேயாவது என்னை யாருக்கும் தெரியாது என்றுதான் கிளம்பினேன். அவனுக்குத் தெரியும் என்பதை எப்படியோ மறந்துவிட்டேன்.

முதல் பாலம் வந்தபோது அவன் கையை உயர்த்தி இறங்கச் சொன்னான். பாலம் என்றால் நம் ஊர்ப் பாலம் மாதிரி இல்லை. தண்ணீருக்கு மேலே கொஞ்ச உயரத்தில் ஒரு கான்கிரீட் பலகை, அவ்வளவுதான், கைப்பிடிச் சுவர் இல்லை, கம்பி இல்லை, ஓரத்தில் ஒரு கல்கூட இல்லை. வெள்ளம் வந்தால் இது தண்ணிக்குள்ள முங்கிரும்க்கா, கைப்பிடி இருந்தா அடிச்சிட்டு வர்ற மரமெல்லாம் அதுல மாட்டிப் பாலத்தையே உடைச்சிரும், அதான் வைக்கல, என்றான். முங்குகிறதுக்கென்றே கட்டின பாலம். இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேசிக்கொண்டே சைக்கிளில் எங்களைக் கடந்து போனார்கள், ஓரத்தைப் பார்க்கவேயில்லை. கதிரேசன் என் சைக்கிளையும் தானே தள்ளிக்கொண்டுபோய் அக்கரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, என் இடது முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். பிடி இறுக்கமாக இருந்தது. சரளைக்கல் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், அவன் கடையில் வாங்கின சோற்று உருண்டைகள், நான் காலையில் கிளறின எலுமிச்சைச் சாதம், ஆற்றுக்குக் குறுக்கே கட்டின கயிற்றில் குழந்தைகள் தினத்துத் துணி மீன்கள் வரிசையாகக் காற்றைக் குடித்து உப்பிக்கொண்டிருந்தன. அப்போதுதான் அவன் சொன்னான். "அக்கா, நான் ஊருக்கே வந்துரலாம்னு இருக்கேன்." "லீவுக்கா?" "இல்ல. மொத்தமா. அடுத்த வாரம் ஆபீசுல சொல்லிரப் போறேன். கோவில்பட்டியில ஒங்கூட இருக்கேன். மதுரையில ஏதாச்சும் வேல கிடைக்காமலா போயிரும்." "எதுக்குலே?" அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ தனியா இருக்க. அந்தக் கண்ணுக்கும் ஏதாவது ஆச்சுன்னா..." முடிக்கவில்லை. காகித இயந்திரம் செய்கிற தொழிற்சாலையில் வேலை அவனுக்கு, நேற்று எனக்குச் சுற்றிக் காட்டினான், மரக்கூழ் உருளைகளுக்குள் போய்க் காகிதமாக வருகிற இடத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினான், அந்த முகத்தை நான் சின்ன வயதில்கூடப் பார்த்ததில்லை. அந்த முகத்தை விட்டுவிட்டு வரப்போகிறான். என் இன்னொரு கண்ணுக்காக. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், ஆனால் வேண்டாம் என்றால் அடுத்து அவன் கேட்பான், அப்ப எப்பிடிக்கா சமாளிப்ப என்று. எலுமிச்சைச் சாதத்தை மூடி வைத்தேன்.

சாப்பிட்டுவிட்டு அதே பாலத்தில் இக்கரைக்குத் திரும்பிய பிறகு நடை. ஒரு சின்ன ஓடை பெரிய ஆற்றில் வந்து சேருகிற இடத்தில் சைக்கிள்களை நிறுத்திவிட்டு, ஓடையை ஒட்டி மேலே அருவி வரைக்கும் ஒற்றையடிப் பாதை. உள்ளே போனதும் வெளிச்சம் பச்சையாகிவிட்டது, நேர் நேராகத் தேவதாரு மரங்கள், ஈரப் பாசி, எங்கேயும் வெயில் உடைந்து மின்னவில்லை, என் கண்ணுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது. ஆனால் தரை தட்டையாகிவிட்டது. ஒற்றைக் கண்ணுக்கு மேடும் பள்ளமும் ஒரே படம்தான், நிழலைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும், இங்கே நிழலும் இல்லை. நான் தலையை லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தேன், ஆட்டினால் பக்கத்தில் இருப்பது அதிகம் நகரும், தூரத்தில் இருப்பது கொஞ்சமாக நகரும், ஓணான் மாதிரி, ஆபீஸ் ரூமில் உட்கார்ந்திருந்த மாதங்களில் நானாகக் கண்டுபிடித்தது. யாரும் பார்க்காதபோதுதான் செய்வேன். இப்போதும் அவன் முதுகுக்குப் பின்னால் செய்துகொண்டே வந்தேன், கல் எது, வேர் எது என்று தெரிந்தது, கால் நம்பத் தொடங்கியது. அவனோ பின்னால் திரும்பித் திரும்பி நடக்கிறான். "வழுக்குதுக்கா." "தெரியுதுப்பா." "இங்கன ஒரு வேருக்கா, பாத்து" என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே அந்த வேரில்தான் கால் வைத்தான். சத்தமே இல்லாமல் போனான். ஓடைப் பக்கமாகச் சரிந்து ஒரு பாறையில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், முகம் வெளுத்துவிட்டது. நான் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை, இறங்கியிருந்தேன். கணுக்காலைத் தொட்டதும் கத்தினான். எத்தனை பிள்ளைகளின் கணுக்காலைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன், கைக்குத் தெரியும், எலும்பு முறிந்த மாதிரி இல்லை, சவ்வுதான், ஆனால் மோசமாகக் கிழிந்திருக்க வேண்டும், வீங்கத் தொடங்கிவிட்டது. என் துப்பட்டாவை ஓடையில் நனைத்து எட்டுப் போல் சுற்றி இறுக்கிக் கட்டினேன், காலைத் தூக்கிக் கல்மேல் வைத்தேன். போனில் சிக்னல் இல்லை. அவன் எழுந்திருக்கப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். "யாராச்சும் வருவாங்கக்கா. காத்திருப்போம்." "வர்ற வழியில ஒருத்தரையும் பாக்கலயே." "அப்பம் என்ன செய்ய?" "நான் போயி ஆள் கூட்டிட்டு வாரேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் வீடு தெரிஞ்சிச்சு." அவன் என்னையே பார்த்தான். "அக்கா, அங்க போகணும்னா பாலம்..." "ஆமா." "வேண்டாம்க்கா." அவன் குரலில் வலியைவிடப் பயம் அதிகமாக இருந்தது. எனக்குள்ளேயும் அதே குரல் சொன்னது, வேண்டாம் செண்பகம் என்று. தண்ணீர் பாட்டிலை அவன் கையில் கொடுத்துவிட்டு நடந்தேன்.

தனியாக இறங்கும்போது காடு பெரிதாகிவிட்டது. யாரும் வேர் என்று சொல்லவில்லை, கல் என்று சொல்லவில்லை, தலையை வெளிப்படையாகவே ஆட்டிக்கொண்டு ஓணானாக இறங்கினேன், யார் இருக்கிறார்கள் பார்க்க. சைக்கிளை எடுத்தேன், சாலை, கொஞ்ச தூரம், பிறகு பாலம். காலையில் கடந்தது இல்லை, இது அதைவிட ஒடுக்கம், நீளமும் அதிகம். அந்தப் பக்கம் ஓட்டு வீடுகள், நட்டு முடித்த நெல்வயல். இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தால் பத்திரம் என்று நினைத்தேன், ஆனால் தள்ளினால் சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், இடப்பக்கம் நான் நின்றால் என் பக்கத்து ஓரம் எனக்குத் தெரியாது, வலப்பக்கம் நின்றால் சைக்கிள் சக்கரம் எங்கே போகிறது என்று தெரியாது. நடுவில் நேராக வைத்துத் தள்ளினேன். கீழே தண்ணீர் பச்சையாக, ஆழத்தில் கல் தெரிய, அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, ஒரு முழமா பத்து ஆளா, கண்ணால் சொல்ல முடியவில்லை. பார்க்காதே. பாதியில் காற்று வந்தது, ஆற்றோடு வருகிற காற்று, சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தது, நான் நின்றுவிட்டேன். அப்போது அடித்தது. பளிச். பளிச். ஒன்றன்பின் ஒன்றாக. ஆறா. கண்ணா. ஆறா. என் கால் கான்கிரீட்டோடு கான்கிரீட்டாகிவிட்டது. மூடிப் பார்க்க வேண்டும், ஆனால் மூடினால் இரண்டு கண்ணும் இல்லாமல் ஓரமில்லாத பாலத்தின் நடுவில் நிற்பேன், அந்த நிலைமையைத்தான் நான் ஒன்றரை வருஷமாக ராத்திரி பகலாகப் பயந்துகொண்டிருக்கிறேன், இப்போது நானாகப் போய் அதில் நிற்க வேண்டும். மூடினேன். சிவப்பு. தண்ணீர்ச் சத்தம் இடப்பக்கமிருந்து வந்து காலுக்குக் கீழே நுழைந்து வலப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கமிருந்து. அது இடப்பக்கத்தில் இருந்தது. எனக்குக் கேட்டது, குளிர்ச்சி இடது கன்னத்தில் பட்டது, ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு முழு ஆறு ஓடிக்கொண்டிருந்தது. இமைக்குள் மின்னல் இல்லை. உள்ளங்காலில் பாலம் லேசாக அதிர்ந்தது, எதுவோ வருகிறது. திறந்தேன். எதிர்க்கரையில் ஒரு குட்டி வெள்ளை லாரி பாலத்தின் வாயில் வந்து நின்றிருந்தது. ஹாரன் அடிக்கவில்லை. ஓர் அம்மா இறங்கி, கழுத்துவரை துணி தொங்கும் தொப்பியோடு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வா என்றும் கூப்பிடவில்லை, உதவிக்கும் ஓடி வரவில்லை. அவசரமில்லை என்பது போல நின்றாள். தேடி வந்த ஆள் அங்கே நிற்கிறாள், இடையில் பாதிப் பாலம். உருட்டிக்கொண்டு போனால் இன்னும் இரண்டு தடவை நிற்பேன், அதுவும் தெரிந்தது. சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன். தூரத்தில் ஒரு புள்ளியைப் பார், காலைப் பார்க்காதே என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன், அந்தத் தொப்பியைப் பார்த்து மிதித்தேன். மிதித்தேன். பாலம் முடிந்து சரளையில் சக்கரம் கரகரவென்றது, அந்தச் சத்தத்துக்கு என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கதிரேசன் சொல்லிக் கொடுத்திருந்த நாலைந்து சொல்லைச் சேர்த்து, "ஒத்தோத்தோ. ஆஷி. இதாய்" என்றேன். தம்பி, கால், வலி. மலையைக் காட்டினேன். அவள் நெஞ்சைத் தொட்டு "ஒகாபயாஷி" என்றாள், நான் "செண்பகம்" என்றேன், அவள் "சென்பகாமு" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு லாரியில் ஏறினாள். சைக்கிளைப் பின்னால் ஏற்றி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தப் பாலத்தின்மேல் லாரியை அப்படியே ஓட்டினாள், சக்கரத்துக்கும் ஓரத்துக்கும் ஒரு கை இடம்கூட இருந்திருக்காது, எதையோ மெல்லப் பாடிக்கொண்டு. இரண்டு பேருமாகக் கதிரேசனைத் தோளில் தாங்கி இறக்கினோம். அவன் என் தோள்மேல் மட்டும் கனத்தை முழுசாகப் போட்டான். லாரியில் ஓட்டுகிறவளைத் தவிர ஒருத்தருக்குத்தான் இடம், பின்னால் ஆள் ஏறக்கூடாது. ஒகாபயாஷி அம்மா அவனை ஏற்றிவிட்டு என்னைக் காட்டி, திரும்ப வந்து கூட்டிப் போகிறேன் என்று கையால் சொன்னாள். நான் அவன் சைக்கிளைப் பின்னால் ஏற்றிவிட்டு, என் சைக்கிளைக் கீழே இறக்கினேன். அவள் கதிரேசனைப் பார்த்தாள். கதிரேசன் என்னைப் பார்த்தான். வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. அவளிடம் ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள். "என்னலே சொன்ன?" "எங்கக்கா ஓட்டிட்டு வந்துருவான்னு சொன்னேன்."

திரும்பும் வழியில் ஆறு வலப்பக்கம் வந்தது. அப்படியே கண்ணுக்குள் கொட்டியது, வயல், துணி மீன்கள், மேற்கே சாய்ந்த வெயில், மின்னிற்று, மின்னட்டும் என்று ஓட்டினேன், இரண்டு தடவை நிறுத்தி மூடிப் பார்த்தேன், இனிமேலும் பார்ப்பேன், அதற்காக நிற்பதும் ஓட்டத்தில் ஒரு பகுதிதான். இடப்பக்கமிருந்து பிள்ளைகள் ஓடி வந்தால் காலடி கேட்கும். விசிலை இடது கையில் வைத்துக்கொள்ளலாம். மிஸ்ஸுக்கு இந்தப் பக்கம் தெரியாது, இந்தப் பக்கம் வந்தால் குரல் கொடுங்கடி என்று முதல் நாளே சொல்லிவிடலாம், சொன்னால் என்ன, சத்தம் போடுவதற்கு அதுகளுக்குச் சொல்லித்தரவா வேண்டும். வாடகைக் கடை வாசலில் கதிரேசன் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான், வைத்தியரைப் பார்த்துக் கட்டுப் போட்டாயிற்று, ஒகாபயாஷி அம்மா போய்விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். "அடுத்த வாரம் ஆபீசுல ஒண்ணும் சொல்லாத." அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் ஜூன்ல கிரவுண்டுக்குப் போறேன். முடியலன்னா கூப்பிடுதேன், அப்பம் வா. இப்பம் வராத." அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரிக்கா" என்றான். கொஞ்சம் கழித்து, "நாளைக்கி ஆறு கடல்ல சேர்ற எடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னு இருந்தேன்" என்றான். தலையில் துண்டு கட்டின கடைக்காரர் சைக்கிள்களைத் துடைத்து, சீட்டை இறக்கி, உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். "அஷ்தா?" என்று கேட்டார், நாளைக்கா என்று, இரண்டு விரலைக் காட்டினார். நான் எழுந்து அவர் பக்கம் போனேன். ஒரு விரலைக் காட்டினேன். அவர் பெஞ்சில் இருந்தவனின் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஹாய்" என்றார், சரி என்று, என் சைக்கிளின் சீட்டை மட்டும் இறக்காமல் அப்படியே விட்டுவிட்டு விளக்கை அணைத்தார்.